ஊசியிலேயே விழும் லோகோ: ஒரு வட்டத்தைத் துவைத்துப் பார்க்கலாம்

வணக்கம். என் கையில் இருப்பது ஒரு துண்டுத் துணி. கறுப்புத் துணி, நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம், அதற்குக் கீழே 'இழை' என்று ஒரு சொல். அச்சடித்தது இல்லை, எம்ப்ராய்டரி இல்லை, சூடு வைத்து ஒட்டியதும் இல்லை. துணி பின்னும்போதே கூடவே பின்னியது. கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், பாருங்கள். கறுப்பு லூப்பும் வெள்ளை லூப்பும், அதாவது பின்னலின் கண்ணிகள், ஒரே மட்டத்தில் நிற்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் வட்டம் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது.

ஸ்கேல் வைத்து அளந்துவிடுகிறேன். குறுக்கே 51 மில்லிமீட்டர், நெடுக்கே 53. அதாவது இது இன்னும் வட்டம் ஆகவில்லை, கொஞ்சம் நீளவாட்டில் இழுத்த மாதிரி இருக்கிறது. தெரிந்தேதான் அப்படிப் போட்டிருக்கிறேன். இதை மூன்று தடவை துவைத்துக் காயவைத்துவிட்டு, வீடியோ கடைசியில் மறுபடி அளப்போம்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்காக: நான் திருப்பூரில் ஒரு ஃப்ளாட் நிட்டிங், அதாவது துணியைத் தட்டையாகப் பின்னும் யூனிட்டில் டிசைன் புரோகிராம் போடுகிறேன். பெரும்பாலும் போலோ சட்டைக்கான காலர், கஃப் (கை ஓரப் பட்டை). போன மாதம் காலர் டிப்பிங் (காலர் ஓரத்தில் வரும் நிறக் கோடு) பற்றிப் போட்ட வீடியோவுக்குக் கீழே நிறையப் பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "எங்கள் பிராண்ட் பெயரைத் துணியிலேயே பின்ன முடியுமா, எவ்வளவு ஆகும்?" முடியும். ஆனால் எவ்வளவு ஆகும் என்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை இருக்கின்றன. அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் உங்கள் காலில் இருக்கும் சாக்ஸைக் கழற்றி உள்பக்கம் திருப்புங்கள். பெயரோ கோடோ பின்னியிருக்கும் இடத்துக்குப் பின்னால் நூல்முனைகள் குச்சம் மாதிரி நிற்கும். சாக்ஸ் மெஷினில் லோகோவின் நூல் தேவையான ஊசிகளில் மட்டும் பின்னும், மற்ற ஊசிகளுக்குப் பின்னால் சும்மா தாண்டிப் போகும். அப்படித் தாண்டிப் போகும் நூலை நாங்கள் ஃப்ளோட் என்போம். அதை அப்படியே விட்டால் கால்விரல் மாட்டி இழுக்கும். அதனால் மெஷினுக்குள்ளேயே ஒரு கத்தி அதை வெட்டிவிடும். நீங்கள் பார்க்கும் குச்சம் அந்த வெட்டின் மிச்சம். துணியில் பெயர் பின்னுவது உங்களுக்குப் புதிது இல்லை, தினமும் காலில் போட்டுக்கொண்டுதான் நடக்கிறீர்கள். ஜட்டி எலாஸ்டிக்கில் இருக்கும் பெயரையும் சிலர் இதோடு சேர்த்துக் கேட்டிருந்தீர்கள். அது பெரும்பாலும் நெசவு. ஊடும் பாவும் கொண்ட வேறு மெஷின், இன்னொரு நாள் பார்க்கலாம்.

சரி, சட்டைக்கு வருவோம். நிட்டிங் மெஷினின் ஒவ்வொரு ஊசியிடமும் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது. இந்த நூலை எடுக்கிறாயா, விடுகிறாயா? அவ்வளவுதான். பிரான்சில் லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜெக்கார்டு 1804-ல் பட்டுத் தறிக்குச் செய்தது இதுதான். அட்டையில் ஓட்டை இருந்தால் இழை எழும், இல்லாவிட்டால் எழாது. பின்னல் இயந்திரம் அதற்கும் முந்தியது, இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589-லேயே செய்துவிட்டார். அந்த இரண்டு யோசனையும் ஒன்று சேர்ந்ததால்தான் இன்றைக்கு நாங்கள் இந்த வேலையை ஜெக்கார்டு நிட்டிங் என்கிறோம். அட்டை போய்விட்டது. நான் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிறம் அடைப்பேன், ஒரு கட்டம் ஒரு லூப்.

இந்தக் கட்டத்தில்தான் முதல் சிக்கல். லோகோ டிசைன் செய்கிறவர்கள் சதுரக் கட்டத்தில் படம் தருவார்கள். லூப் சதுரம் இல்லை. இந்தத் துணியில் ஒரு அங்குலத்துக்குக் குறுக்கே 14 லூப், நெடுக்கே 20 கோர்ஸ் (ஒரு கோர்ஸ் என்றால் ஒரு வரிசை லூப்). அதனால் 28-க்கு 28 கட்டத்தில் வரைந்த வட்டத்தை அப்படியே மெஷினில் ஏற்றினால் 51 மில்லி அகலமும் 36 மில்லி உயரமுமாக, உட்கார்ந்து நசுங்கிய பணியாரம் மாதிரி வரும். இரண்டும் சமமாக வர 28 லூப்புக்கு 40 கோர்ஸ் வேண்டும். நான் 42 போட்டிருக்கிறேன். ஏனென்றால் பின்னல் துணி துவைத்தால் அகலத்தைவிட நீளத்தில் அதிகமாகச் சுருங்கும். மெஷினில் இருந்து இறங்கும்போது சரியாக இருக்கிற வட்டம் வாடிக்கையாளர் வீட்டில் சப்பையாகிவிடும். லோகோவை எப்போதும் துவைத்த துணிக்குத்தான் வரைய வேண்டும். இந்த ஒரு விஷயத்துக்காகவே, துவைக்காத சாம்பிளைப் பார்த்து ஓகே சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது எழுத்து. ஆங்கிலத்தில் E, H, L, T போன்ற எழுத்துகள் நேர்கோடுகள், எட்டு லூப்பில் கூட முடிந்துவிடும். தமிழ் எழுத்து வளைவால் ஆனது. 'ழ' ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு வளைவு, உள்ளே ஒரு இடைவெளி, கீழே சுழித்துக்கொண்டு ஒரு கால். ஒவ்வொரு கோடும் குறைந்தது இரண்டு லூப் தடிமன் இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். கோடுகளுக்கு நடுவிலும் இடம் வேண்டும். என்னிடம் வரும் பள்ளிச் சீருடை காலர்களில் முக்கால்வாசி ஆங்கிலப் பெயர்தான். தமிழில் போடலாமா என்று நானே கேட்டுப் பார்ப்பேன். எழுத்து தெளிவாக வராது என்று தயங்குவார்கள். வரும். உயரத்தைக் கொஞ்சம் கூட்டி, எழுத்தை லூப் கணக்கில் புதிதாக வரைந்தால் வரும். கம்ப்யூட்டர் எழுத்துருவை அப்படியே சுருக்கிப் போட்டால்தான் கெடும். அதற்காகத்தான் 'இழை' என்ற சொல்லைச் சோதனைக்கு எடுத்தேன். இதில் வளைவு இல்லாத எழுத்தே இல்லை.

இப்போது துணியைத் திருப்புகிறேன். பின்பக்கம் கறுப்பும் வெள்ளையும் புள்ளி புள்ளியாக, எள் தூவின மாதிரி இருக்கிறதா? இதை பேர்ட்ஸ் ஐ என்போம், பறவைக் கண். முன்பக்க ஊசிகள் படத்தைப் பின்னும்போது, அங்கே தேவைப்படாத நிறத்தைப் பின்பக்க ஊசிகள் மாறி மாறிப் பின்னிக் கட்டிவிடுகின்றன. அதனால் சாக்ஸில் பார்த்த ஃப்ளோட் இங்கே கிடையாது. குழந்தை போட்டாலும் உறுத்தாது, நகம் மாட்டாது. விலை என்னவென்றால், துணி இரட்டைப் படுகை, அதாவது இரண்டு வரிசை ஊசிகளில் பின்னியது. கனம் கூடும், நூல் கூடும். நாம் சாதாரணமாகப் போடும் டீ ஷர்ட் 160 முதல் 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) சிங்கிள் ஜெர்சி, ஒரே வரிசை ஊசியில் பின்னியது. அந்த மெல்லிய துணியில் நெஞ்சு நடுவில் பெரிய லோகோ இந்த முறையில் வேண்டும் என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். காலர், கஃப், ஸ்வெட்டர், தொப்பி, சாக்ஸ், இவைதான் இதற்குச் சரியான இடங்கள்.

இன்டார்சியா என்று ஒன்று உண்டு. அந்த நிறம் தேவையான இடத்தில் மட்டும் தனி நூல் போய்வரும், பின்னால் ஃப்ளோட்டும் இல்லை, கனமும் இல்லை. அழகு. ஆனால் மெதுவாக ஓடும், விலை ஏறும்.

துணியைக் குழாய் மாதிரி வட்டமாகப் பின்னும் சர்க்குலர் மெஷினில் செய்ய முடியாதா என்றால், செய்கிறார்கள். 30 அங்குல டயா (விட்டம்), 24 கேஜ் (ஒரு அங்குலத்துக்கு 24 ஊசி) மெஷினில் சுமார் 2,260 ஊசிகள் வட்டமாக நிற்கும், எலக்ட்ரானிக் ஜெக்கார்டு என்றால் ஒவ்வொன்றையும் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். உடம்பு முழுக்கச் சின்னச் சின்னதாக லோகோ திரும்பத் திரும்ப வர வேண்டும் என்றால் அதுதான் வேகம். நெஞ்சில் இடப்பக்கம் ஒன்றே ஒன்று வேண்டும் என்றால் கட்டிங் டேபிளில்தான் கஷ்டம். பல அடுக்கு துணி விரித்து ஒரே வெட்டாக வெட்டும்போது எல்லா அடுக்கிலும் லோகோ ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். ஒரு அடுக்கு நகர்ந்தால் ஒரு சட்டையில் லோகோ அக்குளுக்குப் போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு முறையைச் சொல்கிறேன். மேஜையில் இரண்டாவது துணி இருக்கிறது, நீலம். இதுவும் வெள்ளை வட்டம்தான். ஆனால் இது மெஷினில் இருந்து இறங்கும்போது முழுக்க வெளிர் நிறம், லோகோ அநேகமாகத் தெரியவே இல்லை. வழக்கமாக ஜெக்கார்டுக்கு நூலை முன்கூட்டியே சாயம் போட்டு வாங்க வேண்டும். திருப்பூர்ப் பழக்கம் அதற்கு நேர் எதிர், வெள்ளையாகப் பின்னிவிட்டு அப்புறம் துணியைச் சாயப்பட்டறைக்கு அனுப்புவோம். இந்தத் துணியில் தரை, அதாவது லோகோவைச் சுற்றியிருக்கும் பகுதி, காட்டன்; லோகோ பாலியஸ்டர். காட்டனுக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் சுமார் 60 டிகிரி தண்ணீரில் ஏறிவிடும். பாலியஸ்டருக்கு வேறு சாயம், சுமார் 130 டிகிரி, பிரஷர் வேண்டும். அதனால் ஒரே தொட்டியில் காட்டன் நீலமாகிறது, பாலியஸ்டர் வெள்ளையாகவே நிற்கிறது, லோகோ வெளியே வருகிறது. நிறத்தைக் கடைசியில் முடிவு செய்யலாம் என்பது சின்ன பிராண்டுக்குப் பெரிய உதவி. இதிலும் ஒரு குறை உண்டு. காட்டன் சுருங்கும் அளவு பாலியஸ்டர் சுருங்காது. பாருங்கள், வட்டம் லேசாக அப்பளம் மாதிரி உப்பியிருக்கிறது. லோகோ சின்னதாக இருந்தால் தெரியாது.

இப்போது என் தவறு ஒன்று. நான்கு வருடம் முன்னால் ஒரு காலரில் பெயர் வர வேண்டும். காலர் பின்னும்போது வெளி ஓரத்தில் ஆரம்பித்து கழுத்துப் பக்கம் முடியும். போடும்போது அந்த வெளி ஓரம் மடங்கிக் கீழே வரும். அதனால் முதலில் பின்னுவது எழுத்தின் அடிப்பாகம். மடங்கும் என்பதை மனதில் வைத்து நான் படத்தை ஒரு தடவை திருப்பினேன். திருப்பியிருக்கவே கூடாது. 640 காலர் ஓடி, பவர் டேபிளுக்குப் போய், தைக்க உட்கார்ந்த அக்கா ஒருவர்தான் பார்த்தார். "கண்ணு, இதென்ன எழுத்து தலகீழா நிக்குது?" அச்சாக இருந்தால் அடுத்த பீஸிலிருந்து மாற்றலாம், எம்ப்ராய்டரியாக இருந்தால் பிரித்துக்கூடப் போடலாம். இது துணியே அதுதான். அன்றிலிருந்து முதல் காலரைப் பின்னியதும் ஒரு சட்டையில் குத்தி, போட்டுப் பார்த்து, போட்டோ எடுத்து அனுப்பிய பிறகுதான் மெஷினை ஓட்டுவேன்.

இன்னொரு கஷ்டம் இதைவிடப் பெரியது. திருப்பூரில் காதர்பேட்டை பனியன் சந்தை தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். ஏற்றுமதியில் மிஞ்சியது, ஆர்டர் ரத்தானது எல்லாம் லேபிளை வெட்டிவிட்டு அங்கே விலை போகும். ஒரு பையர் கைவிட்டாலும் கம்பெனி போட்ட காசில் ஒரு பகுதியாவது திரும்பும் வழி அது. பெயர் துணியிலேயே இருந்தால் எதை வெட்டுவது? அடுத்தவருடைய பிராண்ட் பெயரோடு விற்கவும் முடியாது. 2020-ல் ஊரடங்கு நேரத்தில் வெளிநாட்டு ஆர்டர் ஒன்று நின்றுபோனது. நாங்கள் ஜாப் ஒர்க்காக (இன்னொருவர் ஆர்டருக்குக் கூலிக்கு) பின்னிய 4,200 காலர், பெயரோடு, இன்றைக்கும் யூனிட்டின் பின்னறையில் மூட்டையாக இருக்கின்றன. நூலும் கரண்டும் கூலியும் எங்களுடையது, பாதிப் பணம் வரவில்லை. வேஸ்ட்டாகப் போட்டால் இரண்டு நிறம் கலந்த துணிக்குக் கிலோ விலை அடிமட்டம். கோபமாகத்தான் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. பெயர் யாருடையதோ அவர்தான் அந்த ஆபத்தைச் சுமக்க வேண்டும், கூலிக்குப் பின்னிக் கொடுத்தவர் இல்லை.

அதனால் பிராண்ட் ஆரம்பிக்கும் தம்பி தங்கைகளே, லோகோ பின்னித் தரச் சொல்லும்போது பின்னலுக்கான முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுங்கள். முதல் இருநூறு முந்நூறு பீஸை நெய்த லேபிளோடு விற்றுப் பாருங்கள். பெயரும் எழுத்தின் வடிவமும் இனி மாறாது என்று உங்களுக்கே உறுதியான பிறகு எங்களிடம் வாருங்கள். அப்போது இது கொடுக்கும் பலன் வேறு எதிலும் கிடைக்காது. அச்சு மாதிரி வெடிக்காது, உரியாது. கழுத்தில் குத்தும் லேபிள் வேண்டாம். லோகோவும் காட்டன் நூலே என்றால், பழையதான பிறகு பஞ்சாக்கி மறுபடி நூற்கும்போது பிளாஸ்டிக் படலம் குறுக்கே வராது.

துணி காய்ந்துவிட்டது. மூன்று துவைப்பு, அளக்கிறேன். குறுக்கே 50. நெடுக்கே... 50 அரை. அரை மில்லி வித்தியாசம். ஒரு கோர்ஸின் உயரமே இப்போது 1.2 மில்லி, இதற்கு மேல் மெஷினால் திருத்த முடியாது. வட்டம் சரி.

எழுத்தைப் பாருங்கள். 'இ' நன்றாக இருக்கிறது. 'ழை'யில் உள் இடைவெளிக்கு ஒரே ஒரு லூப்தான் விட்டிருந்தேன், துவைத்ததும் வெள்ளை நூல் பூத்து அதை மூடிவிட்டது. தூரத்தில் இருந்து பார்த்தால் வேறு ஏதோ எழுத்து. நாளைக் காலையில் அந்த இடத்தை இரண்டு லூப்பாக்கி, எழுத்து உயரத்தை மூன்று கோர்ஸ் கூட்டிப் பின்னப் போகிறேன். பின்னியதும் துவைத்துவிட்டு இங்கேயே காட்டுகிறேன்.