மேடைக்குத் திரும்பும் மூத்த நடிகரும் பின்னாலேயே போகும் நாமும்

நேயர்களுக்கு வணக்கம். பல வருஷமாகத் திரையில் மட்டுமே பார்த்துவந்த ஒரு மூத்த நடிகர், மறுபடியும் நாடகத்தில் நடிக்கப் போகிறார் என்று செய்தி வந்தால் அவருடைய ரசிகர்கள் படுகிற பாடு இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஆள்தான், அதனால் உள்ளே இருந்தே பேசுகிறேன்.

செய்தி வந்த அன்றைக்கே ஆரம்பித்துவிடும். எந்த நாடகம், எத்தனை வாரம், டிக்கெட் எப்போது திறக்கிறது, யார் எந்தத் தேதிக்குப் போகிறோம் என்று ஒரே பேச்சு. எல்லோருக்கும் முதல் நாள் காட்சிதான் வேண்டும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதல் நாள் அரங்கத்தில் விமர்சகர்கள் இருப்பார்கள், பிரமுகர்கள் இருப்பார்கள், மேடையில் இருப்பவருக்கு அதெல்லாம் தெரியும், நரம்பு முறுக்கிக்கொண்டு நிற்கும். நாடகம் பதமாவது அதற்கு அப்புறம்தான். இயக்குநர் தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவார், காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும், எந்த இடத்தில் ஜனங்கள் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் மூச்சுவிட மறந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது நடிகருக்குப் பிடிபடும். ஒரே ஒரு டிக்கெட்தான் வாங்க முடியும் என்றால் மூன்றாவது வாரம் போங்கள். இரண்டு வாங்க முடிந்தால் ஆரம்பத்தில் ஒன்று, முடிவில் ஒன்று.

இரண்டு முறை ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெரியவர், பெயர் வேண்டாம், மேடையில் ஒரு கடிதத்தைப் படிக்கிற காட்சி. முதல் தடவை பார்த்தபோது கண்ணாடியை எடுத்து மாட்டினார், கடிதத்தைப் பிரித்தார், குரல் தழுதழுக்கப் படித்தார், கைதட்டல் வந்தது. சில வாரம் கழித்து அதே நாடகத்துக்குப் போனேன். இந்த முறை கடிதத்தைப் பிரித்தார், சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார், கண்ணாடியை எடுக்கவே இல்லை. கடிதத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஏற்கெனவே மனப்பாடமான கடிதம்போல மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். வசனம் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் அந்த மனிதர் இதே கடிதத்தை எத்தனையோ ராத்திரி படித்திருக்கிறார் என்பது அரங்கம் முழுவதுக்கும் புரிந்துவிட்டது. கைதட்டல் வரவில்லை, யாருக்கும் தட்டத் தோன்றவில்லை. சினிமாவில் எத்தனை முறை பார்த்தாலும் அதே கண்ணாடி அதே இடத்தில்தான் இருக்கும். பின்தொடர்ந்து போகிற ரசிகனுக்கு மட்டும் கிடைக்கிற பலன் இது.

சரி, திரும்பி வருவது எவ்வளவு கஷ்டம் என்பதைப் பார்ப்போம். லண்டனிலும் நியூயார்க்கிலும் வழக்கமான கணக்கு வாரத்துக்கு 8 காட்சிகள். படப்பிடிப்பில் ஒரு வசனம் பிசகினால் இன்னொரு டேக் போகலாம், களைத்துப் போனால் கேரவனில் கால் நீட்டலாம். மேடையில் அதெல்லாம் கிடையாது. பிரிட்டிஷ் நடிகை கிளெண்டா ஜாக்சனை எடுத்துக்கொள்ளுங்கள். நடிப்புக்கு இரண்டு ஆஸ்கார் வாங்கியவர். 1992இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போய் 2015 வரை உறுப்பினராக இருந்தார், அந்த 23 வருஷமும் நடிப்புப் பக்கம் வரவில்லை. 2016இல் 80 வயதில் லண்டன் ஓல்ட் விக் அரங்கத்தில் மேடையேறினார். அதுவும் சின்ன வேஷத்தில் காலை நனைத்துப் பார்க்கலாம் என்றெல்லாம் இல்லை, நேராக ஷேக்ஸ்பியரின் லியர் மன்னர் வேஷம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற நாடகம், ஆண் வேஷம், புயலில் கத்த வேண்டும், பித்துப்பிடித்து அலைய வேண்டும். அதற்குப் பிறகு நியூயார்க் போய் 2018இல் அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனி விருதும் வாங்கினார். அவர் மேடையை விட்டுப் போனபோது ரசிகர்களாக இருந்தவர்கள் திரும்பி வந்தபோது தாத்தா பாட்டி ஆகியிருப்பார்கள். அவர்களுக்கு அந்த ராத்திரி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

விலகிப் போவதற்குக் காரணம் எப்போதும் அரசியலோ சினிமாவோ ஆக இருக்காது. பயமும் இருக்கும். பிரிட்டிஷ் நடிகர் இயன் ஹோமுக்கு 1976இல் ஒரு நாடகத்தின்போது மேடைப் பயம் பிடித்துக்கொண்டது. பயிற்சி இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது, ஷேக்ஸ்பியர் நாடகங்களிலேயே வளர்ந்தவர். அப்படியும் ஏறக்குறைய மேடையையே விட்டுவிட்டார். திரும்பி வர 1993 ஆயிற்று. 1997இல் அவரும் லியர் நடித்தார், அதற்கு பிரிட்டிஷ் நாடக உலகின் பெரிய விருதான ஆலிவியர் விருது கிடைத்தது. அந்த விருதுக்குத் தன் பெயரையே கொடுத்த நடிகர் லாரன்ஸ் ஆலிவியரும் புகழின் உச்சியில் இருந்த காலத்தில் இதே பயத்தில் பல வருஷம் தவித்தவர், அதைத் தானே எழுதியும் இருக்கிறார். அதனால் ஒரு நடிகர் பல வருஷம் மேடை ஏறவில்லை என்றால், "பணம் வந்ததும் நாடகத்தை மறந்துவிட்டார்" என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். உள்ளே என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது.

வயதான நடிகருக்கு வசனம் மறந்துபோகலாம். அதற்கு வழிகள் உண்டு. பக்கவாட்டில் மறைவாக நின்று வசனம் எடுத்துக்கொடுக்க ஆள் இருப்பார், இப்போது காதுக்குள் சின்னக் கருவி வைத்துக்கொள்வதும் உண்டு. அதில் ஒரு அவமானமும் இல்லை. என் வருத்தம் நம் பக்கத்தைப் பற்றியது. மேடையில் ஒரு மௌனம் விழுந்தவுடன் நாம் பதறுகிறோம், "ஐயோ மறந்துவிட்டார்" என்று பக்கத்து இருக்கையில் கிசுகிசுக்கிறோம், சில இடங்களில் அன்பு மிகுதியில் வசனத்தைக் கீழே இருந்தே எடுத்துக்கொடுக்கிற மகானுபாவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அது மறதியா, நடிப்பா என்று நமக்குத் தெரியவே தெரியாது. பிரிட்டிஷ் நடிகை மேகி ஸ்மித் 2019இல் 84 வயதில் லண்டன் பிரிட்ஜ் அரங்கத்தில் தனியாளாக நடித்த நாடகத்தை நினைத்துப் பாருங்கள். 12 வருஷத்துக்குப் பிறகு மேடை ஏறுகிறார். கூட வேறு நடிகர் கிடையாது, இடைவேளை கிடையாது. நாஜி அமைச்சர் கோயபல்ஸின் அலுவலகத்தில் வேலை பார்த்த பெண், நூறு வயதைத் தாண்டியபின் உட்கார்ந்து பழைய கதையைச் சொல்கிறாள், அதுதான் வேஷம். அப்படிப்பட்ட கிழவி தயங்காமல், தடுமாறாமல் பேசினால்தான் தப்பு. அந்தத் தயக்கத்தில் எது பாத்திரத்துடையது, எது மேகி ஸ்மித்துடையது என்று பிரித்துப் பார்க்க எதற்கு நாம் மெனக்கெட வேண்டும்? வயதும் அந்த நடிப்பில் ஒரு பகுதி. ஹாரி பாட்டரின் மந்திரப் பள்ளி ஆசிரியையாக அவரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அந்த அரங்கத்தில் போய் உட்கார்ந்து, தனக்கு ஒன்றும் தெரியாது என்று சாதிக்கிற கோயபல்ஸின் செயலாளரைக் கேட்டிருக்கிறார்கள் என்றால், அது பழைய வேஷம் கூட்டிக்கொண்டுபோய் விட்ட இடம். ரசிகன் அப்படி இழுபட்டுப் போவதில் தப்பே இல்லை என்பேன்.

தப்பு எங்கே வருகிறது என்றால், போன இடத்திலும் பழைய வேஷத்தையே தேடுவதில். உங்கள் நடிகர் மேடைக்கு வந்ததும் கைதட்டுங்கள், விசிலும் அடியுங்கள், அத்தனை வருஷ அன்பு இருக்கிறது, அதை அடக்கிவைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சீக்கிரம் நிறுத்திவிடுங்கள். நாம் தட்டுகிற நேரம் முழுக்க அவர் பாத்திரத்திலிருந்து வெளியே நின்று காத்திருக்கிறார், கூட நடிக்கிற இளைஞர் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார், நாடகத்தின் முதல் வசனத்தை யாரும் கேட்பதில்லை.

நம் ஊரில் ஒரு தலைமுறைக்கு இந்தத் திரும்பி வருதல் என்ற பேச்சே கிடையாது, ஏனென்றால் அவர்கள் போகவே இல்லை. சிவாஜி கணேசன் 1952இல் சினிமாவுக்கு வந்து உச்சத்துக்குப் போன பிறகும் தன் நாடக மன்றத்தை வைத்துக்கொண்டு மேடையில் நடித்துக்கொண்டுதான் இருந்தார். கட்டபொம்மனாக 1957இல் மேடையில், 1959இல் திரையில். 'வியட்நாம் வீடு' பத்மநாபனும் முதலில் மேடையில் இருந்தவர்தான், படம் வந்தது 1970இல். ஆர்.எஸ். மனோகர் திரையில் வில்லனாக நடித்துக்கொண்டே நேஷனல் தியேட்டர்ஸ் நடத்தி, ராவணனாக மேடையை அதிரவைத்தார். அவர்களை மேடையில் பார்த்த ரசிகர்கள் இன்றைக்கும் ஆங்காங்கே இருக்கிறார்கள், பேச ஆரம்பித்தால் கண் பளபளக்கும். படத்தில் எல்லோரும் பார்த்த அதே காட்சியை மேடையில் எப்படிச் செய்தார், எந்த வசனத்துக்குக் கூடுதலாக நிறுத்தினார், எங்கே நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார் என்று அவர்கள் சொல்வதைத் தவிர அந்த நடிப்புக்கு இப்போது வேறு சாட்சி இல்லை. படம் பெட்டியில் இருக்கிறது, நாடகம் பார்த்தவர் தலைக்குள் இருக்கிறது. அதனால்தான் பார்ப்பவர்களையெல்லாம் கேட்கிறேன்: வீட்டுக்கு வந்ததும் எழுதிவையுங்கள். பிரமாதம், அருமை என்பதெல்லாம் வேண்டாம். எந்தக் கையால் கதவைத் திறந்தார், எதிரே இருப்பவர் பேசும்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்கு மட்டும் என்ன வித்தியாசம், அதை எழுதுங்கள். போனில் திருட்டுத்தனமாகப் படம் எடுப்பதைவிட இது ஆயிரம் மடங்கு உபயோகம், தவிர இருட்டில் ஒளிரும் திரை மேடையில் நிற்பவர் கண்ணைத்தான் முதலில் குத்தும்.

காட்சி முடிந்து அரங்கத்தின் பின்வாசலில் காத்திருப்பது தனி விஷயம். மூன்று மணி நேரம் நின்று பேசிய எண்பது வயது மனிதர் வெளியே வருகிறார். கும்பிட்டுவிட்டு வழிவிடுங்கள். அவராக நின்றால் பேசுங்கள்.

உடம்பைப் பற்றிச் சொல்லும்போது பிரிட்டிஷ் நடிகர் இயன் மெக்கெலனைச் சொல்லாமல் முடியாது. தன் 80 வயதைக் கொண்டாட, பிரிட்டனின் 80 அரங்கங்களுக்குத் தனி நிகழ்ச்சியோடு சுற்றுப்பயணம் போனவர். 2024 ஜூன் மாதம் லண்டனில் நோயல் கவர்ட் அரங்கத்தில், 85 வயதில் ஷேக்ஸ்பியரின் ஃபால்ஸ்டாஃப் வேஷத்தில், சண்டைக் காட்சியின் நடுவே மேடையிலிருந்து கீழே விழுந்தார். குண்டு மனிதர் வேஷத்துக்காகப் போட்டிருந்த பஞ்சுத் திணிப்புதான் காப்பாற்றியது. அவருக்குப் பதில் மாற்று நடிகர் வேஷம் கட்ட, மிச்சக் காட்சிகள் நடந்தன.

மூத்த நடிகரைப் பின்தொடர்கிற எவருக்கும் இப்படி ஒரு மாலை வரலாம். அரங்கத்து வாசலில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், இன்றைக்கு இன்னாருக்குப் பதில் இன்னார் நடிக்கிறார் என்று. உங்களுக்கு நெஞ்சு சோர்ந்துபோகும், பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று தோன்றும். கேட்க உரிமை இருக்கலாம், இருந்தாலும் உள்ளே போங்கள். அந்த மாற்று நடிகர் உங்கள் ஆளின் ஒவ்வொரு அசைவையும் ஒத்திகையில் பக்கத்தில் இருந்து பார்த்தவர், எங்கே மூச்சு வாங்குவார் என்பதுவரை அவருக்குத் தெரியும். நாடகம் முடிந்ததும் அவருக்கு எழுந்து நின்று கைதட்டுங்கள். வணக்கம்.