ஓட்டம் கெடுக்காது, நிற்பதுதான் கெடுக்கும்: பழைய டீசல் லோகோக்களைக் காப்பாற்றும் வேலை

[காட்சி: திறந்தவெளித் தண்டவாளத்தில் நிற்கும் கிளாஸ் 37. பக்கத் தகட்டின் அடியில் பெயிண்ட் உப்பியிருக்கிறது.]

வணக்கம். திரையில் நிற்பது பிரிட்டனின் கிளாஸ் 37 டீசல் லோகோ. எடை 100 டன்னுக்கு மேல், சக்தி 1,750 குதிரைத்திறன். 1960-க்கும் 1965-க்கும் இடையில் இந்த ரகத்தில் 309 கட்டினார்கள். நிலக்கரி வண்டியோ பயணிகள் வண்டியோ, எதில் மாட்டினாலும் இழுத்தது. மழை, பனி எதற்கும் அசையாமல் முப்பது நாற்பது வருடம் உழைத்த ரகம் இது. ஆனால் அதே லோகோவைக் கூரையில்லாத இடத்தில் நாலைந்து வருடம் சும்மா நிறுத்தி வையுங்கள். திரும்ப ஓட வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஆள் குடியில்லாத வீடு சீக்கிரம் பாழாகும் என்பார்கள். டீசல் லோகோவும் அப்படித்தான். பழைய ரயில்களைக் காப்பாற்றி ஓட்டிக்காட்டும் பாரம்பரிய ரயில் பாதைகளில் இந்த லோகோக்களைப் பராமரிப்பவர்கள் போராடுவது பெரும்பாலும் தேய்மானத்தோடு அல்ல, சும்மா நிற்பதோடுதான். எப்படி என்று பார்ப்போம்.

[காட்சி: கறுப்பு வெள்ளைப் படங்கள். நீராவி லோகோக்களுக்கு நடுவே புது டீசல்.]

முதலில் கொஞ்சம் பின்னணி. 1955-இல் பிரிட்டிஷ் ரயில்வே ஒரு நவீனமயத் திட்டத்தை அறிவித்தது. நீராவி போக வேண்டும், டீசலும் மின்சாரமும் வர வேண்டும். பல கம்பெனிகளுக்கு ஒரே சமயத்தில் ஆர்டர் போனது. சில ரகங்கள் நன்றாக அமைந்தன, சிலவற்றால் பத்து வருடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கிளாஸ் 28 அப்படி ஒன்று. கட்டியது 20. அதன் கிராஸ்லி இன்ஜின் படுத்திய பாட்டில் 1960-களின் முடிவுக்குள் சேவையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்று ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

அந்தக் காலத்து ரயில் பிரியர்கள் பலருக்கு டீசல் என்றாலே ஆகாது. நீராவியை ஒழித்துக்கட்டியது அதுதானே என்ற கோபம். ஆனால் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் உண்டு. லீட்ஸ் நகரத்தில் மிடில்டன் ரயில்வே இருக்கிறது. பிரிட்டனில் தன்னார்வலர்கள் எடுத்து நடத்திய முதல் ஸ்டாண்டர்ட் கேஜ் பாதை, அதாவது வழக்கமான அகலத் தண்டவாளப் பாதை அது. 1960 ஜூனில் அங்கே ஓடிய முதல் பயணிகள் வண்டியை இழுத்தது ஒரு டீசல் லோகோ! 1930-களின் தொடக்கத்தில் ஹன்ஸ்லெட் கம்பெனி கட்டிய சின்ன வண்டி. ஆக, பாரம்பரிய ரயில்வேக்குள் டீசல் பின்வாசல் வழியாக வந்து சேரவில்லை. ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் இருக்கிறது.

[காட்சி: லோகோவின் குறுக்குவெட்டுப் படம். இன்ஜின், ஜெனரேட்டர், மோட்டார்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

சரி, உள்ளே போவோம். கிளாஸ் 37 போன்ற டீசல்-எலக்ட்ரிக் லோகோவில் டீசல் இன்ஜின் நேரடியாகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. அது ஒரு பெரிய ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. அதில் வரும் மின்சாரம் கீழே அச்சுக்கு ஒன்றாகப் பொருத்திய டிராக்ஷன் மோட்டார்களுக்குப் போகிறது. அதனால் ஒரே வண்டிக்குள் மெக்கானிக் வேலையும் இருக்கிறது, எலக்ட்ரீஷியன் வேலையும் இருக்கிறது, தகடு வேலையும் இருக்கிறது. மூன்றிலும் கை பழகியவர் கிடைத்தால் அந்தக் குழுவுக்கு அதிர்ஷ்டம்தான்.

மாதக்கணக்கில் நின்ற லோகோவை ஸ்டார்ட் செய்வதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். எடுத்தவுடன் பட்டனை அழுத்துவது பெரிய ஆபத்து.

[காட்சி: ஒரு கை டிப் ஸ்டிக்கை உருவித் துணியால் துடைக்கிறது.]

முதல் வேலை, ஆயில் அளவு பார்ப்பது. குறைந்திருந்தால் பெரிய கவலை இல்லை. கூடியிருந்தால்தான் வயிற்றைக் கலக்கும். ஆயில் தானாகப் பெருகாது. தண்ணீரோ டீசலோ உள்ளே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அடியில் இருக்கும் வடிகுழாயைக் கொஞ்சமாகத் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அதனால் முதலில் அதுதான் வரும். தெளிந்த தண்ணீர் சொட்டினால் அன்றைய ஸ்டார்ட் அவ்வளவுதான்.

ஆயில் சரியாக இருந்தால் பிரைமிங் பம்பை ஓட்டி பேரிங்குகளுக்கு ஆயில் ஏற்றுவார்கள். மாதக்கணக்கில் நிற்கும்போது பேரிங்கிலிருந்து ஆயில் வடிந்துவிடும். அப்படியே சுற்றினால் உலோகத்தோடு உலோகம் உரசும். அப்புறம் ஒவ்வொரு சிலிண்டரிலும் இருக்கும் சின்னத் திறப்பு வால்வைத் திறந்துவிட்டு, நீளமான இரும்புக் கம்பியைப் போட்டு இன்ஜினைக் கையாலேயே மெதுவாகச் சுற்றுவார்கள். இருவர் சேர்ந்து மூச்சு வாங்கச் செய்யும் வேலை. இன்னொருவர் அந்த வால்வுகளையே பார்த்துக்கொண்டிருப்பார். காற்று புஸ்ஸென்று வந்தால் நல்லது. ஒரு வாய் தண்ணீர் பீய்ச்சி அடித்தால் உடனே நிறுத்த வேண்டும்.

காரணம் எளிது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில நேரம் இன்ஜினின் உடலான பிளாக்கே உடையும். அரை மணி நேரச் சோதனையைத் தவிர்த்து ஒரு இன்ஜினையே இழப்பது என்ன நியாயம்?

எல்லாம் சரி என்றால் வால்வுகளை மூடிவிட்டு பேட்டரி மின்சாரத்தை அந்தப் பெரிய ஜெனரேட்டருக்கே கொடுப்பார்கள். அந்த ஒரு சில நொடிக்கு ஜெனரேட்டர் மோட்டாராக மாறி இன்ஜினைச் சுற்றும். பேட்டரி பலவீனமாக இருந்தால் இங்கேயே கதை முடிந்தது. லெட்-ஆசிட் செல்களும் நிற்க நிற்கக் கெடுகிற ஜாதிதான்.

[காட்சி: கழற்றிய சிலிண்டர் லைனர். அடியில் ரப்பர் வளையங்கள்.]

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பிஸ்டன் ஏறி இறங்கும் உறைதான் லைனர். இதன் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். சுற்றிலும் குளிர்விக்கும் தண்ணீர், உள்ளே பிஸ்டன், அடியில் ஆயில். தண்ணீரையும் ஆயிலையும் பிரிப்பது இந்த ரப்பர் வளையங்கள்தான். குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்தால் பிளாக்கும் ரேடியேட்டரும் வெடித்துவிடும் என்று பயந்து தண்ணீரை மொத்தமாக வடித்துவிடும் வழக்கம் உண்டு. ஆனால் மாதக்கணக்கில் காய்ந்தால் ரப்பர் இறுகிவிடும். வசந்தத்தில் தண்ணீர் நிரப்பியதும் கசியும். ஆன்டிஃபிரீஸ் கலந்து நிரப்பியே வைத்திருப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. செலவு அதிகம்தான், ஆனால் லைனர் சீல் மாற்றும் வேலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. பிஸ்டனையும் லைனரையும் வெளியே உருவி எடுக்க வேண்டும், அதுவும் சிலிண்டர் சிலிண்டராக.

கண்ணுக்குத் தெரியாத கசிவைப் பிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. ஆயில் மாதிரியை அவ்வப்போது ஆய்வகத்துக்கு அனுப்புவது. செம்பு கூடினால் பேரிங் தேய்கிறது. இரும்பு கூடினால் லைனர் தேய்கிறதோ என்று பார்க்க வேண்டும். குளிர்நீரில் துருவைத் தடுக்கக் கலக்கும் மருந்தில் பெரும்பாலும் சோடியம் இருக்கும். ஆயிலில் சோடியம் ஏறினால் தண்ணீர் கசிய ஆரம்பித்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம், டிப் ஸ்டிக்கில் எதுவும் தெரிவதற்கு முன்பே.

[காட்சி: பாரம்பரிய பாதையில் மெதுவாகப் போகும் வண்டி. வேகமானியின் முள் 25-ல்.]

நிற்பது கெடுதல் என்றால், ஓட்டினால் தீர்ந்துவிடுமா? அங்கேதான் அடுத்த சிக்கல். பிரிட்டனின் பாரம்பரிய பாதைகள் பெரும்பாலானவற்றில் அதிகபட்ச வேகம் மணிக்கு 25 மைல், அதாவது 40 கிலோமீட்டர். ஆயிரக்கணக்கான குதிரைத்திறன் கொண்ட லோகோ நாலைந்து பெட்டிகளை அந்த வேகத்தில் இழுப்பது அதற்கு ஒரு வேலையே இல்லை. இன்ஜின் முழுச் சூட்டுக்கே வராது. சூடு குறைந்தால் டீசல் முழுதாக எரியாது. மிச்சமும், பிஸ்டன் வளையங்களைத் தாண்டி மேலே வரும் ஆயிலும் புகைக்குழாயில் படியும். லைனரின் உட்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பாகி ஆயில் பிடிக்காமல் போகும். பல மணி நேரம் ஐட்லிங்கில், அதாவது சுமை இல்லாமல் சும்மா ஓட விட்டுவிட்டு திடீரென்று முழு சக்தி கொடுத்தால், குழாயில் சேர்ந்த ஆயில் பற்றிக்கொண்டு தீயே வரலாம்.

அதனால்தான் விவரம் தெரிந்த குழுக்கள் லோகோவைச் சும்மா உறும விட்டுக் காட்சி காட்டுவதை விரும்புவதில்லை. ஸ்டார்ட் செய்தால் நன்றாகச் சூடேறும்வரை வேலை கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டார்ட்டே செய்யக் கூடாது. “பத்து நிமிஷம் ஓட்டி அணைத்தோம், நல்லா இருக்கு” என்பது நல்லதைவிடக் கெடுதலையே அதிகம் செய்கிறது. உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும், அது ஆவியாகிப் போவதற்குள் இன்ஜின் ஆறிவிடும்.

மின்சாரப் பக்கமும் இதே கதைதான், சொல்லப்போனால் இன்னும் நுட்பமானது.

[காட்சி: மோட்டாரின் மூடியைத் திறந்து டார்ச் அடிக்கிறார்கள். கம்யூடேட்டரின் செம்புப் பரப்பு.]

இது டிராக்ஷன் மோட்டாரின் கம்யூடேட்டர், சுழலும் பகுதிக்கு மின்சாரம் ஏறும் இடம். செம்புப் பட்டைகள், நடுவில் மைக்கா, மேலே உரசும் கார்பன் பிரஷ். நல்ல ஆரோக்கியமான கம்யூடேட்டர் பளபளவென்று செம்பு நிறத்தில் இருக்காது. சாக்லேட் பழுப்பில் ஒரு மெல்லிய படலம் இருக்கும். அந்தப் படலம்தான் பிரஷ்ஷைத் தேயாமல் காக்கிறது. போதிய மின்சாரம் பாய்ந்தால்தான் படலம் உருவாகும். லேசான சுமையிலேயே ஓடிக்கொண்டிருந்தால் படலம் சரியாக அமையாமல், செம்பில் நூல் நூலாகக் கோடு விழும். அழுக்கு என்று நினைத்து அந்தப் பழுப்பை ஆர்வக்கோளாறில் தேய்த்து எடுத்துவிடக் கூடாது.

இன்னொரு எதிரி ஈரம். நின்ற மோட்டாரின் சுருள்களில் ஈரமும், கார்பன் தூளும் சேர்ந்தால் இன்சுலேஷன் பலவீனமாகும். மெக்கர் என்ற இன்சுலேஷன் அளக்கும் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். அளவு இறங்கியிருந்தால் தூளை உறிஞ்சி எடுத்து, ஹீட்டர் போட்டு நாள் கணக்கில் உலர வைத்துத் திரும்ப அளப்பார்கள். உலர வைத்தும் ஏறவில்லை என்றால் மோட்டாரைக் கழற்றிச் சுருள் கட்ட அனுப்ப வேண்டும். தன்னார்வக் குழுக்களைக் கலங்கடிக்கும் பில் அதுதான்.

பிரிட்டிஷ் ரயில்வே நாளில் இன்ஜின் ஓடிய மணிநேரத்தை வைத்துப் பராமரிப்பு நடந்தது. வருடத்துக்குச் சில நாள் மட்டுமே ஓடும் லோகோவுக்கு அந்தக் கணக்கு உதவாது. காலண்டரைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். டாங்கில் கிடக்கும் டீசலுக்கும் இது பொருந்தும். இன்றைய டீசலில் தாவர எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலந்திருக்கும். அது ஈரத்தை இழுக்கும், ஈரத்தில் நுண்ணுயிர்கள் வளரும், ஃபில்டர் வழவழவென்று அடைத்துக்கொள்ளும்.

[காட்சி: முக்கோண வடிவ டெல்டிக் இன்ஜினின் அனிமேஷன்.]

டெல்டிக் என்ற லோகோ ரகத்தைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1961-62-இல் 22 லோகோக்கள் கட்டினார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு நேப்பியர் இன்ஜின், மொத்தம் 3,300 குதிரைத்திறன். ஒரு இன்ஜினில் 18 சிலிண்டர், 36 பிஸ்டன். ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக ஓடும். முக்கோணத்தின் மூன்று மூலையிலும் ஒவ்வொரு கிராங்க் ஷாஃப்ட். மனிதர்கள் இப்படியும் யோசித்தார்களா என்று தோன்றும். அந்த நாளில் பெரிய கோளாறு என்றால் இன்ஜினையே மொத்தமாகத் தூக்கிவிட்டு வேறு ஒன்றை வைத்துவிடுவார்கள். கழற்றியதைப் பழுதுபார்க்கத் தனிப் பட்டறை இருந்தது. 1982 ஜனவரியோடு அந்த ஓட்டம் முடிந்தது. 22-இல் ஆறு பிழைத்திருக்கின்றன. பட்டறை செய்த வேலையை இப்போது ஆர்வலர்களே செய்கிறார்கள். டெல்டிக் சங்கம் இங்கிலாந்தின் பாரோ ஹில்லில் இதற்கென்றே சொந்த ஷெட் வைத்திருக்கிறது.

உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும்? கட்டிய கம்பெனிகள் பல இன்று இல்லை. உடைக்கப் போகும் லோகோக்களை வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றி அலமாரியில் அடுக்குகிறார்கள். சிலர் இதையும் தாண்டிப் போயிருக்கிறார்கள். கிளாஸ் 23 என்ற குட்டி டெல்டிக் பத்துமே பழைய இரும்பாகிப் போனது. ஒரே ஒரு இன்ஜின் மட்டும் தப்பியது. அதை வைத்து, ஒரு கிளாஸ் 37-ஐ வெட்டிச் சுருக்கி, பதினொன்றாவது குட்டி டெல்டிக்கைக் கட்டும் வேலை நடக்கிறது. ஒரு கிளாஸ் 37 போகிறதே என்று வருந்துபவர்கள் உண்டு. எனக்கு அதில் வருத்தமில்லை. 37-கள் நிறையவே மிச்சம் இருக்கின்றன.

[காட்சி: ஊசித் துப்பாக்கியால் துருவைத் தட்டுகிறார்கள். தகட்டில் ஓட்டை விழுகிறது.]

தகடு வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கூரை இணைப்பிலும் முன் கண்ணாடி ஓரத்திலும் புகுந்து, சுவருக்குள்ளேயே இறங்கி, அடியில் தேங்கி அரிக்கும். வெளியே உப்பல் தெரியும்போது உள்ளே தகடே இருக்காது. புட்டி பூசி மறைப்பது இரண்டு வருடத்துக்குத்தான். வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்ய வேண்டும். பழைய லோகோக்களின் சுவருக்குள் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் சோதிக்காமல் ஒரு பேனலைக்கூடப் பிரிக்கக் கூடாது. இவ்வளவுக்கும் நல்ல மருந்து ஒரு கூரை. செவர்ன் வேலி ரயில்வே என்ற பாரம்பரிய பாதை 2016-இல் கிட்டர்மின்ஸ்டரில் டீசலுக்கென்றே ஒரு ஷெட் திறந்தது. ஒரு பாதை டீசலுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம் அதுதான்.

[காட்சி: டீசல் விழா. பிளாட்ஃபாரம் நிறையக் கேமராக்கள். லோகோ புறப்படுகிறது.]

டீசல் விழாவுக்குப் போனால் எல்லோரும் சத்தத்தைத்தான் ரசிப்பார்கள். நீங்கள் புகையையும் பாருங்கள். வண்டி கிளம்பும்போது கொஞ்ச நேரம் கறுப்பாக வந்தால் இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இன்னும் வேகம் பிடிக்கவில்லை, காற்று போதவில்லை. ஓட ஓடத் தெளிந்துவிடும். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெகுநேரம் ஐட்லிங்கில் நின்ற லோகோ முதல் ஏற்றத்தில் இதைத் துப்பித் தீர்க்கும், நாள் முழுக்கத் தொடர்ந்தால்தான் பிஸ்டன் வளையத்தைப் பார்க்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் வெள்ளை வருவது சகஜம். நன்றாகச் சூடான பிறகும் வெள்ளை நிற்காமல், தண்ணீர் மட்டமும் இறங்கிக்கொண்டே இருந்தால், அந்த லோகோவைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுவார்கள். விழா அட்டவணை குலைந்தாலும் பரவாயில்லை.