11 ஆயுள் தண்டனை! ஆனா நீங்க பார்க்க வேண்டிய நம்பர் அது இல்ல

ஒரே ஆளுக்கு 11 ஆயுள் தண்டனை. அதுவும் ஏக காலத்துல இல்ல, ஒண்ணு முடிஞ்சு அடுத்தது! இருக்குறது ஒரு ஆயுள்தானே, அப்புறம் எதுக்கு 11? கடைசி வரைக்கும் பாருங்க. இந்தக் கேஸ்ல ஜெயில் கதவைத் தீர்மானிச்ச நம்பரே வேற.

[திரையில்: தெற்கு ஆஸ்திரேலியா வரைபடம்]

1999 மே 20. அடிலெய்டுக்கு வடக்கே ஸ்னோடவுன்ங்கிற சின்ன ஊர். மூடிக்கிடந்த பேங்க் கட்டடத்தோட பெட்டக அறையில ஆறு பேரல், எட்டு பேர் உடல். ஊர் மேல பழி போடாதீங்க, கொலைகள்ல ஒண்ணு மட்டும்தான் அங்க நடந்தது. கைதானவங்க மேல கோர்ட்ல கிட்டத்தட்ட ஒரு வருஷம் விசாரணை. 2003-ல ஜான் பன்டிங்குக்கு 11 ஆயுள், ராபர்ட் வாக்னருக்கு 10.

இப்போ விஷயத்துக்கு வருவோம். தெற்கு ஆஸ்திரேலியாவுல மரண தண்டனையை 1976-லயே எடுத்துட்டாங்க. கொலைன்னு நிரூபணமானா ஆயுள் கட்டாயம், நீதிபதிக்கு வேற வழியில்ல. ஒவ்வொரு கொலைக்கும் தனித்தனியா ஒரு ஆயுள். நாளைக்கு அப்பீல்ல ஒரு தீர்ப்பு உடைஞ்சாலும் மிச்சம் அப்படியே நிக்கும். அதைவிடப் பெரிய விஷயம், செத்துப்போன ஒவ்வொருத்தருக்கும் கோர்ட் தனியா கணக்கு சொல்லுது. எனக்கு இது ரொம்பச் சரின்னு படுது.

ஆனா நீதிபதி உண்மையிலேயே யோசிச்சு முடிவு பண்றது ரெண்டாவது நம்பரை: குறைஞ்சது எத்தனை வருஷம் உள்ள இருந்த பிறகு பரோல், அதாவது நிபந்தனையோட விடுதலை, கேட்கலாம்? அந்த வருஷம் முடிஞ்சதும் கதவு தானா திறக்காது. பரோல் போர்டு தனியா விசாரிக்கும். விட்டாலும் நிபந்தனையோடதான், மீறினா திரும்பவும் உள்ள.

பன்டிங், வாக்னர் ரெண்டு பேருக்கும் அந்த நம்பரையே நீதிபதி குறிக்கல. எண்ணிக்கிட்டு இருக்க ஒரு தேதியே கிடையாது! ஆனா ஒரு சின்ன இடுக்கு இருக்கு. ‘எனக்கு ஒரு காலத்தைக் குறிச்சுக் கொடுங்க’ன்னு பின்னாடி கோர்ட்ல மனு போட அங்க சட்டம் இடம் கொடுக்குது.

[திரையில்: நிழல் உருவம் மட்டும்]

இப்போ ஜேம்ஸ் விளாசாகிஸ். கைதானப்போ வயசு 19. நாலு கொலையை ஒத்துக்கிட்டு அப்ரூவர் மாதிரி சாட்சி சொன்னான். அவனுக்கும் ஆயுள்தான், ஆனா பரோல் கேட்க 26 வருஷம்னு குறிச்சாங்க. தண்டனையோட பேர் ஒண்ணே, கூட ஒரு நம்பர் வந்ததும் வாழ்க்கையே வேற. முகத்தை வெளியிடக்கூடாதுன்னு கோர்ட் உத்தரவும் போட்டுச்சு. கூட்டுச்சதியில உள்ளேர்ந்து ஒருத்தன் பேசினாத்தான் முழு உண்மையும் வரும்ங்கிறதால, இந்தச் சலுகை கசந்தாலும் தேவைதான்னு நினைக்கிறேன். செத்தவங்க குடும்பம் ஏத்துக்கணும்னு சொல்ல எனக்கு உரிமையில்ல. நீங்க என்ன நினைக்கிறீங்க? கமென்ட்ல எழுதுங்க.

நாலாவது ஆள் மார்க் ஹேடன். கொலைகளை மறைக்க உதவின குற்றம் மட்டும்தான் நின்னுச்சு. அதனால ஆயுள் இல்ல, 25 வருஷம். 18 வருஷத்துக்கு அப்புறம் பரோல் கேட்கலாம். இங்கதான் ஆயுளுக்கும் வருஷக்கணக்குக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்: 25 வருஷம் முடிஞ்சா, பரோல் போர்டு உட்பட யாராலயும் அந்தத் தண்டனையை நீட்டிக்க முடியாது. 2024 மே மாசம் முடிஞ்சுது. அரசாங்கத்துக்கு மிச்சமிருந்த ஒரே வழி, வெளியில வர்றவரைக் கண்காணிப்புல வைக்க தெற்கு ஆஸ்திரேலியாவோட சுப்ரீம் கோர்ட்ல தனியா உத்தரவு வாங்குறது. அதை வாங்கித்தான் அவரை வெளிய விட்டாங்க.