கஞ்சிப் பானையும் போர்க்கப்பலும்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் நாகப்பட்டினத்துக்காரன். 1977 நவம்பர் 12ஆம் தேதி அதிகாலையில் புயல் எங்கள் ஊரைத் தாக்கியபோது எனக்குப் பதின்மூன்று வயது. சுனாமி வந்தபோது நாற்பது. நடுவிலும் பின்னாலும் புயல், வெள்ளம் என்றால் அரிசி மூட்டைக்கும் தார்ப்பாய்க்கும் அலைந்தவன் நான். வானொலி நிலையத்தார் பேச அழைத்தபோது நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டேன். ஒரு நாட்டில் மக்கள் சாகிறார்கள். அந்த நாட்டு அரசு, "உங்கள் உதவி எங்களுக்கு வேண்டாம்" என்று கதவைச் சாத்துகிறது. வெளியே நிற்கும் நாடு என்ன செய்வது? திரும்பிப் போவதா, கதவைத் தள்ளிக்கொண்டு நுழைவதா?

இதைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வருவது எங்கள் தெருதான். 77 புயலுக்கு மறுநாள் காலை. எங்கள் வீட்டுக் கூரையில் பாதி போயிருந்தது. பக்கத்து வீட்டில் முழுவதும் போய்விட்டது. அந்த வீட்டில் ஐந்து பிள்ளைகள். கடைசிப் பிள்ளைக்கு இரண்டு வயது இருக்கும். எங்கள் அப்பாவுக்கும் அந்த வீட்டுக்காரருக்கும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்கால் யாருடைய மனையில் போகிறது என்ற தகராறு. கிராம நிர்வாகத்தில் தொடங்கி நீதிமன்றம் வரை போய்க்கொண்டிருந்தது.

அம்மாவிடம் நனையாத அரிசி கொஞ்சம் இருந்தது. கஞ்சி காய்ச்சினாள். எங்களுக்கு ஊற்றிவிட்டு, ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அவர் இடுப்பில் ஈரத் துண்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். "உங்கள் வீட்டுக் கஞ்சி குடித்துப் பிழைக்க வேண்டிய நிலை எங்களுக்கு வரவில்லை" என்றார். அவருக்குப் பின்னால் அந்த இரண்டு வயதுப் பிள்ளை பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. அதன் முகம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

அம்மா ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டாள். அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. தெருவில் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போய் வேலியோரம் நின்று, "பெற்ற பிள்ளைகளைப் பட்டினி போட்டுக் கொல்கிறாயே, நீ மனிதனா?" என்று சத்தம் போட்டார். அப்பா கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் என்ன நடந்தது? அந்த மனிதர் கொல்லைப்புறப் படலையும் கயிறு போட்டுக் கட்டிவிட்டார். அதுவரை பின்வழியாக எங்கள் வீட்டுக்கு வந்துபோன பெரிய பெண்ணும் வர முடியாமல் போனது.

சாயங்காலம் அம்மா தயிர்க்காரப் பாட்டியைப் பிடித்தாள். பாட்டி இரண்டு வீட்டுக்கும் தயிர் ஊற்றுபவர். இரண்டு வீட்டுக்கும் பொதுவானவர். அம்மா கஞ்சியைத் தன் பாத்திரத்தில் கொடுக்கவில்லை. பாட்டியின் மண் பானையிலேயே ஊற்றினாள். "யார் கொடுத்தது என்று சொல்லவேண்டாம் பாட்டி. அவர் கேட்டாலும் சொல்லவேண்டாம்" என்றாள். அவர் கேட்கவே இல்லையாம். யார் வீட்டுக் கஞ்சி என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? பானையை வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுத்தாராம். நான்கு நாட்கள் அப்படித்தான் ஓடின.

இந்தக் கதைக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். இனி நான் சொல்லப்போகும் நாடுகளின் கதை முழுவதும் இதற்குள் இருக்கிறது.

2008 மே 2ஆம் தேதி. நர்கீஸ் புயல் மியான்மரின் ஐராவதி ஆற்றுக் கழிமுகத்தில் கரையேறியது. நம் டெல்டாவைப் போலவே தட்டையான நெல் வயல், நடுநடுவே கால்வாய், மண்ணும் மூங்கிலும் கொண்டு கட்டிய வீடுகள். கடல் பன்னிரண்டு அடி உயரத்துக்கு எழும்பி உள்ளே வந்தது. ஒதுங்குவதற்கு ஒரு மேடு கிடையாது. லபுட்டா, போகலே என்ற இரண்டு வட்டாரங்களில் ஊர் ஊராகத் துடைத்துப் போனது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து ஏறத்தாழ 1,38,000 பேர். பாதிக்கப்பட்டவர்கள் 24 லட்சம் பேர். புயல் வருகிறது என்று நம் இந்திய வானிலைத் துறை இரண்டு நாட்களுக்கு முன்பே அந்த நாட்டுக்கு எச்சரிக்கை அனுப்பியிருந்தது. எச்சரிக்கை தலைநகருக்குப் போனது. கழிமுகத்துக் குடிசைக்குப் போய்ச் சேரவில்லை.

அப்போது அங்கே ஆண்டது ராணுவம். தலைவரின் பெயர் 'தான் ஷ்வே'. புயலுக்கு எட்டாம் நாள், மே 10 அன்று, புதிய அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு நடத்த நாள் குறித்திருந்தார்கள். பிணங்கள் கால்வாய்களில் மிதந்துகொண்டிருந்தபோதும் பெரும்பாலான இடங்களில் குறித்த நாளில் நடத்தினார்கள். மிக மோசமாக அடிபட்ட வட்டாரங்களுக்கு மட்டும் இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள். வெளிநாட்டுப் பொருள் வரலாம், வெளிநாட்டு ஆள் வரக்கூடாது என்றார்கள். நிவாரணத்தில் கைதேர்ந்தவர்கள் விசாவுக்காகப் பாங்காக்கில் காத்துக் கிடந்தார்கள். உலக உணவுத் திட்டத்தின் பிஸ்கட்டுகள் விமான நிலையத்திலேயே பறிமுதல் ஆயின. வெளிநாட்டார் தரும் சாக்லேட் இல்லாமலே எங்கள் மக்கள் பிழைத்துக்கொள்வார்கள், வயலில் தவளை இருக்கிறது என்று அரசுப் பத்திரிகை எழுதியது. அந்தச் செய்தியைப் படித்தபோது கோபத்தில் எனக்குக் கை நடுங்கியது.

நேயர்களே, இந்த இடத்தில் ஒன்று கேட்கிறேன். வேண்டாம் என்று சொன்னது யார்? வாக்கெடுப்பு நடத்தியவர்கள் சொன்னார்கள். போகலேயில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு சாலையோரம் நின்ற தாய் சொன்னாளா? யங்கோன் நகர வியாபாரிகள் சொந்தச் செலவில் லாரி பிடித்து அரிசியும் தண்ணீரும் கொண்டுபோனபோது, அந்த ஜனங்கள் ஓடிவந்து வாங்கினார்கள். புத்த மடங்கள் முகாம்களாக மாறின. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்களே, அதுதான் அங்கே நடந்தது. பூசாரியின் மறுப்பைப் பக்தரின் மறுப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதனால் என் பதில் முதலிலேயே இதுதான்: உதவி அனுப்பத்தான் வேண்டும். அரசு மறுத்துவிட்டது என்று கையைக் கழுவிக்கொள்வது பாவம்.

ஆனால் எந்தக் கையால் அனுப்புவது? உயிர் பிழைப்பதும் போவதும் அதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் எசெக்ஸ் கப்பலும் உடன் சில கப்பல்களும் ஹெலிகாப்டர்களோடு வங்கக் கடலில் வந்து நின்றன. பிரான்சின் மிஸ்த்ரால் ஆயிரம் டன் பொருளோடு வந்தது. பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் பெர்னார் குஷ்னர், ஐ.நா. பாதுகாப்பு மன்றம் தலையிட்டு உதவியைக் கட்டாயமாக உள்ளே அனுப்ப வேண்டும் என்றார். அவர் சொன்னதில் இருந்த கோபம் எனக்குப் புரிகிறது. வேலியோரம் நின்று சத்தம் போட்ட என் அப்பாவின் கோபம் அது. ஆனால் எசெக்ஸும் மிஸ்த்ராலும் போர்க்கப்பல்கள். ஆட்சியை இழந்துவிடுவோமோ என்று பயந்துகொண்டிருந்த தளபதிகளின் கண்ணுக்கு, அவற்றின் தளத்தில் இருந்த அரிசி மூட்டை தெரியவில்லை. எசெக்ஸ் மூன்று வாரம் காத்திருந்து ஜூன் 5 அன்று திரும்பிப் போனது. மிஸ்த்ரால் தாய்லாந்தின் புக்கெட்டில் பொருளை இறக்கி உலக உணவுத் திட்டத்திடம் ஒப்படைத்தது. கப்பல் நின்ற இடத்திலிருந்து பசித்தவர்கள் இருந்த ஊர் ஹெலிகாப்டருக்குக் கொஞ்ச நேரப் பயணம்தான்!

கதவு எப்படித் திறந்தது? தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் மே 19 அன்று சிங்கப்பூரில் கூடியது. மியான்மரும் அதில் உறுப்பினர். கூட்டமைப்பின் பொதுச்செயலாளர் சுரின் பிட்சுவான், தாய்லாந்துக்காரர். உதவி எங்கள் வழியாக வரட்டும் என்று பேசினார்கள். மே 23 அன்று ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன், 'தான் ஷ்வே'யை நேரில் பார்த்து, எந்த நாட்டு நிவாரணப் பணியாளரும் உள்ளே வரலாம் என்ற வாக்கை வாங்கினார். பிறகு மியான்மர் அரசு, ஆசியான், ஐ.நா. மூன்றும் சேர்ந்து உட்கார்ந்து வேலையை நடத்தின. தயிர்க்காரப் பாட்டி பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மூன்று வாரம் தாமதம்தான். அந்த மூன்று வாரத்தில் போன உயிர்களுக்கு நான் யாரையும் மன்னிக்கத் தயாராக இல்லை. ஆனாலும் திறந்தது அந்தக் கைக்குத்தான்.

நம் நாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். புயலடித்த சில நாட்களிலேயே இந்தியக் கடற்படைக் கப்பல்கள் கூடாரங்களோடும் மருந்தோடும் யங்கோன் போய்ச் சேர்ந்துவிட்டன. டெல்லி அந்தத் தளபதிகளோடு உறவை முறித்துக்கொள்ளாமல் இருந்ததைக் குறை சொன்னவர்களில் நானும் ஒருவன். இன்றும் அந்தக் குறையைத் திரும்பப் பெறமாட்டேன். ஆனால் அந்த வாரம் அந்த உறவின் வழியாகத்தான் கூடாரம் போனது. இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை.

சரி, கதவைத் தள்ளிக்கொண்டு போனதே இல்லையா என்று கேட்பீர்கள். நாமே போயிருக்கிறோம். 1987 ஜூன். யாழ்ப்பாணத்துக்குப் பொருள் போகும் வழியை ஜனவரியிலிருந்தே இலங்கை அரசு தடுத்திருந்தது. மே மாதக் கடைசியில் யாழ்ப்பாணத்தை ஒட்டிய வடமராட்சியில் விடுதலைப் புலிகளுக்கு எதிராக ராணுவ நடவடிக்கை தொடங்கியது. ஜூன் 3 அன்று ராமேஸ்வரத்திலிருந்து பத்தொன்பது படகுகள் செஞ்சிலுவைக் கொடியோடு உணவும் மருந்தும் ஏற்றிக்கொண்டு கிளம்பின. இலங்கைக் கடற்படை வழிமறித்தது. திரும்பி வந்தன. மறுநாள், ஜூன் 4, இந்திய விமானப்படையின் ஐந்து ஏ.என். 32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் துணையோடு யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து பொருளைப் பாராசூட்டில் இறக்கின. பூமாலை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அன்று எனக்கு இருபத்து மூன்று வயது. வானொலிச் செய்தியைக் கேட்டுத் தெருவே குதித்தது. நானும் குதித்தேன். அந்த மகிழ்ச்சியை இன்று பொய் என்று சொல்லமாட்டேன். அக்கரையில் இருந்தவர்களுக்கு "உங்களை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று தெரிந்ததே, அதற்கு விலை கிடையாது. ஆனால் வீட்டில் சமையல் செய்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இறக்கிய பொருள் ஏறத்தாழ 25 டன். அந்த மாவட்டத்தின் மக்கள்தொகை எட்டு லட்சம் என்று வைத்துக்கொண்டால் தலைக்கு முப்பது கிராம். ஒரு கைப்பிடி அரிசி. அதுவும் மேலிருந்து விழும் மூட்டை கிழவிக்கும் கைக்குழந்தைக்கும் போகாது. வேகமாக ஓடக்கூடியவனுக்குத்தான் போகும். அந்தக் கைப்பிடி அரிசியில் கொழும்புக்கான ஒரு செய்தி இருந்தது. அந்த மாதமே கொழும்பு இறங்கிவந்து, இரு தரப்பும் பேசி, செஞ்சிலுவைச் சங்கத்தின் பொருள் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனது. வயிற்றை நிரப்பியது அந்தக் கப்பல்தான். ஜூலை 29 அன்று இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒப்பந்தம். அதன் பின்னால் நம் படையும் அங்கே போனது. பூமாலை போட்ட அதே யாழ்ப்பாணத்தில் அந்தப் படை என்னவாயிற்று, அங்கே மக்கள் என்ன பட்டார்கள் என்பதை நேயர்கள் அறிவீர்கள். உணவு மூட்டையோடு சேர்ந்து போன மற்ற நோக்கங்களுக்கு யாழ்ப்பாணத்து ஜனங்கள் விலை கொடுத்தார்கள். அதனால்தான் என் அம்மா பாட்டியிடம் சொன்னது எனக்கு அடிக்கடி நினைவு வருகிறது: யார் கொடுத்தது என்று சொல்லவேண்டாம்.

மறுக்கும் அரசெல்லாம் கொடுமைக்கார அரசு என்றும் நினைத்துவிடாதீர்கள். 2004 சுனாமியின்போது, வெளிநாட்டு அரசுகளின் நிவாரணம் இப்போதைக்கு வேண்டாம், நாங்களே சமாளித்துக்கொள்கிறோம் என்று நம் இந்திய அரசும் சொன்னது. எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் அப்படிச் சொல்லலாமா என்று எனக்கும் வருத்தம்தான். ஆனால் முகாமில் அரிசி வந்தது. மருத்துவர்கள் வந்தார்கள். அதே சமயம் நம் கடற்படை இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் உதவி கொண்டுபோனது. மறுத்த அரசு தானே சோறு போடுகிறதா, இல்லையா என்றுதான் பார்க்கவேண்டும். போடுகிறது என்றால் அதன் மானத்தை மதித்து ஒதுங்கி நிற்கலாம். போடவும் மாட்டேன், போட விடவும் மாட்டேன் என்பதுதான் நர்கீஸ்.

உதவி வேண்டும் என்பவர்களுக்கும் மானம் உண்டு. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழைய துணிகள் மலைபோல் குவிந்து கிடந்தன. லாரி லாரியாக வந்து கொட்டிவிட்டுப் போனார்கள். மீனவர்கள் தொடவில்லை. "கடலில் உழைத்துச் சாப்பிட்டவர்கள் ஐயா நாங்கள்" என்று ஒரு முதியவர் என்னிடம் சொன்னார். அந்தத் துணிகளை அப்புறப்படுத்தவே நாங்கள் பல நாட்கள் ஆள் தேடினோம்.

எனக்குத் தந்த நேரம் முடியப்போகிறது. சட்டம் என்ன சொல்கிறது என்று விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். 1991இல் ஐ.நா. பொதுச்சபை, பாதிக்கப்பட்ட நாட்டின் சம்மதத்தோடு உதவி போகவேண்டும் என்று தீர்மானம் செய்தது. 1986இல் அமெரிக்கா மீது நிகரகுவா தொடுத்த வழக்கில் பன்னாட்டு நீதிமன்றம், வேறுபாடு பார்க்காமல் துன்பத்தைத் தணிக்க மட்டுமே செய்யும் உதவி, சட்டவிரோதத் தலையீடு ஆகாது என்றது. 2014இல் சிரியாவுக்கு, டமாஸ்கஸில் இருந்த சிரிய அரசின் சம்மதம் இல்லாமலே எல்லைகளைத் தாண்டி லாரிகள் போகலாம் என்று பாதுகாப்பு மன்றம் அனுமதித்தது. துருக்கி எல்லையில் பாப் அல் ஹவா வழியாகப் பல ஆண்டுகள் போயின. 2019இல் வெனிசுவேலாவின் எல்லையில் அரசியலையும் அரிசியையும் சேர்த்து ஏற்றிய லாரிகள் பாலத்தைத் தாண்டவில்லை. தேவாலயங்கள் சேர்ந்து, நைஜீரியாவிலிருந்து பிரிந்து நின்ற பயாஃப்ராவுக்கு இருட்டில் விமானம் ஓட்டிய கதையைத் தொடவே முடியவில்லை. ஊலி என்ற ஊரில் ஒரு நெடுஞ்சாலையையே ஓடுதளமாக்கி, விமானம் இறங்கும்போது மட்டும் விளக்கைப் போட்டு அணைப்பார்கள். அதை இன்னொரு முறை அழைத்தால் சொல்கிறேன்.

நன்றி, வணக்கம்.