கேரட் விதைக்க உறைபனித் தேதி பார்க்கணுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

திருவொற்றியூரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வெளிநாட்டிலிருந்து அண்ணன் கேரட் விதை கொண்டுவந்தாராம். பாக்கெட்டில் ‘கடைசி உறைபனிக்கு மூன்று வாரம் முன்பு விதைக்கவும்’ என்று போட்டிருக்கிறதாம். “நம்ம ஏரியாவுக்கு அது எந்தத் தேதி சார்?”

படித்ததிலிருந்து இந்தக் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. உறைபனி என்றால் குளிர் பூஜ்ஜிய டிகிரிக்கு இறங்கி, பனி ஐஸாக உறைவது. நமக்கு அப்படி ஒரு தேதியே கிடையாது. சென்னையில் பதிவானதிலேயே குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி, அதுவும் 1905-ல். தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்களே, அது இலையில் முத்து முத்தாக நிற்கிற நம்ம பனி. உறைபனிக் கவலையெல்லாம் ஊட்டிக்காரர்களுக்கு.

நமக்கு எதிரி வெயில். 15 முதல் 20 டிகிரியில்தான் கிழங்கு நன்றாக நிறம் பிடிக்கும். சூடு ஏறினால் வெளுத்து, குட்டையாக நின்றுவிடும். விதைத்ததிலிருந்து அறுவடைக்குச் சுமார் 100 நாள். மார்ச் வெயிலுக்கு முன் பிடுங்க வேண்டுமென்றால் நவம்பர் நடுவில் விதைத்தாக வேண்டும். ஆனால் அது மழைக்காலம். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் என்ன செய்தது என்று வடசென்னையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பொடி விதை, பெருமழையில் அடித்துக்கொண்டு போய்விடும். விதைத்த க்ரோ பேக்கை (செடி வளர்க்கும் பை) சன்ஷேடுக்கு அடியில் வையுங்கள், முளைத்ததும் வெளியே எடுங்கள்.

அப்புறம், முள்ளங்கி வீடியோவிலேயே சொன்னதுதான்: நாற்று விட்டுப் பிடுங்கி நடாதீர்கள். எதிர்வீட்டு அக்கா ஆசையாக ட்ரேயில் வளர்த்து நட்டார். பிடுங்கினால் மூன்று கால் கேரட்! நேராகப் பையிலேயே விதைத்து, நெருக்கமானதைக் களைந்துவிடுங்கள்.

சரி, தேதியை விடுங்கள். நீங்கள் கேட்டிருக்க வேண்டியது தண்ணீரைப் பற்றி. உப்பைத் தாங்க முடியாத காய்களில் கேரட்டுக்கு முதல் வரிசை. கடலோரமாக இருக்கிற நமக்கோ பல இடங்களில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிய கதை தெரியும்தானே? க்ரோ பேக் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று விரலால் தேய்த்துப் பாருங்கள். இருந்தால் அந்தத் தண்ணீர் கேரட்டுக்கு வேண்டாம். மாடி மழைநீரை டிரம்மில் பிடித்து வைத்து ஊற்றுங்கள், இல்லாவிட்டால் மெட்ரோ தண்ணீர்.

அண்ணன் தந்த விதை குளிர்ப்பிரதேச ரகமாக இருக்கலாம். அதில் பாதியைப் போடுங்கள். பக்கத்துப் பையில் குரோடா என்ற கேரட் ரகத்தைப் போடுங்கள், அது சூட்டைக் கொஞ்சம் தாங்கும். பிப்ரவரியில் இரண்டையும் பிடுங்கிப் போட்டோ அனுப்புங்கள்.