பாதி ரோல் இறக்கத்துக்கு

வணக்கம். குடும்பத்தோடு மலையேறும்போது பிலிம் கமராவில் எப்படிப் படம் எடுப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். மலை என்றால் எனக்கு இலங்கையின் சிவனொளிபாதமலைதான். இமயமலைப் பக்கம் போய்வந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நம்முடையது 2,243 மீட்டர்தான். ஆனால் கைக்குழந்தை, பாட்டி, புதுமருமகன் என்று மொத்தக் குடும்பமும் ஒரே இரவில் ஏறுகிற மலை இது. டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரை பருவகாலம். நல்லதண்ணிப் பாதையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இரவு முழுக்க விளக்கு எரியும்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். 36 படங்கள் உள்ள ரோலில் பாதியை இறக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் ஏறும்போது ஆர்வத்தில் கொஞ்சம் எடுப்பார்கள், உச்சியில் மிச்சத்தை முடித்துவிடுவார்கள். இறங்கும்போது கமரா பையில் தூங்கும். நல்ல படங்களெல்லாம் அப்போதுதான் எதிரே வரும்.

சரி, ஏற்றத்திலிருந்தே வருவோம். இரவில் கலர் பிலிம் வேண்டாம். டியூப் லைட்டின் கீழ் முகங்கள் பச்சையடிக்கும். இல்ஃபோர்ட் எச்பி5, கோடக் ட்ரை-எக்ஸ் போன்ற 400 வேக (ஐஎஸ்ஓ) கறுப்பு வெள்ளை ரோலைப் போட்டு, கமராவில் பிலிம் வேகத்தை 1600 என்று வையுங்கள். எஃப்/2 லென்ஸ் இருந்தால் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்), கடை வெளிச்சத்தில் 1/30, 1/60 விநாடியில் கையில் பிடித்தே எடுக்கலாம். ஃபிளாஷ் போடாதீர்கள். மூடுபனியில் அது வெள்ளைப் புள்ளிகளாகத்தான் திரும்பி வரும்; எதிரே படி பார்த்து வருகிறவருக்கும் கண் கூசும். இந்த ரோலுக்கு எடுக்க வேண்டியது வழியிலுள்ள பிளேன்டீ (பால் இல்லாத தேநீர்) கடைகள்தான். பெஞ்சில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகள், கிளாசைக் கன்னத்தில் வைத்துச் சூடு பிடிக்கும் தாத்தா. விளக்குக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டால் வெளிச்சம் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

காலை ரோலை, கலர் என்றால் 400, உச்சிக்கு முந்திய கடைசிக் கடையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். மேலே காற்றில் விரல் விறைத்துவிடும். பின்னால் நிற்கிற கூட்டமும் இடிக்கும்.

உச்சியில் எல்லோரும் கிழக்கே பார்த்து நிற்பார்கள். சூரியனை நீங்கள் எடுக்க வேண்டியதில்லை, அது எல்லார் போனிலும் இருக்கிறது. மேற்குச் சுவர் ஓரமாக இடம் கிடைக்கிறதா என்று பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால், சூரியன் எழுந்ததும் மலையின் நிழல் அந்தப் பக்கத்துப் பனிப்படலத்தின் மேல் கூரிய முக்கோணமாக விழும். மலை எந்த வடிவத்தில் இருந்தாலும் இவ்வளவு நீண்ட நிழலின் விளிம்புகள் தூரத்தில் ஒன்றுகூடுவதுபோலத்தான் தெரியும், தண்டவாளம் தெரிகிற மாதிரி. வீட்டுக்காரர்களைச் சுவரோரம் நிறுத்தி, சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். அவர்கள் முகத்தில் மஞ்சள் வெயில், பின்னால் அந்த நிழல். 28 அல்லது 35 மி.மீ. லென்ஸ் போதும். வெயில் ஏற ஏற நிழல் சுருங்கிவிடும், தாமதிக்காதீர்கள்.

இன்னொன்று உச்சியில் இருக்கும் மணி. எத்தனை தடவை மலையேறினோமோ அத்தனை தடவை அடிப்பது வழக்கம். முதல் தடவை வந்த பிள்ளைக்கு ஒரே அடிதான். அதனால் போகஸ், ஒளியளவு எல்லாவற்றையும் முன்னாலேயே வைத்துவிட்டுக் காத்திருங்கள். புனிதப் பாதச்சுவடு இருக்கும் இடத்தில் கமராவை மூடிவிடுங்கள், அது கும்பிடும் இடம்.

இனி இறக்கம். இருட்டில் ஏறியவர்களுக்குத் தாங்கள் எவ்வளவு உயரம் வந்திருக்கிறோம் என்று அப்போதுதான் தெரியும். கீழே மவுசாகலை நீர்த்தேக்கம், தேயிலைச் சரிவு, வளைந்து வளைந்து இறங்கும் படிகள். ஏறும்போது முன்னால் ஓடிய இளவட்டங்கள் முழங்கால் நடுங்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். பாட்டி நிதானமாக முந்திப் போவார். யாருக்கும் போஸ் கொடுக்கத் தெம்பு இருக்காது. அந்த முகங்களைக் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்க்க முடியாது! நாலு படி முன்னால் இறங்கி, திரும்பி நின்று எடுங்கள்.

வெளிச்சம்தான் கொஞ்சம் சிக்கல். நேர்வெயிலில் 400 பிலிமுக்கு எஃப்/16, 1/500. மரநிழலுக்குள் நுழைந்தால் எஃப்/4 வரை திறக்க வேண்டிவரும். சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப் கூடுதலாக, அதாவது இரு மடங்கு வெளிச்சம், கொடுங்கள். கலர் நெகட்டிவ் அதிக வெளிச்சத்தைத் தாங்கும், குறைவைத் தாங்காது. ஸ்லைடு பிலிமுக்கு இது நேர்மாறு. மூடுபனிக்குள்ளும் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். வெண்பனியைக் கமராவின் ஒளிமானி சாம்பல் நிறமாக்கிவிடும்.

அப்புறம், வீட்டில் படம் எடுப்பவர் எந்தப் படத்திலும் இருக்கமாட்டார். 35 மி.மீ. லென்ஸை எஃப்/8-இல், போகஸை 3 மீட்டரில் வைத்துவிட்டால் சுமார் 2 முதல் 7 மீட்டர் வரை தெளிவாக விழும். அப்படியே மகளிடம் கொடுத்துவிடுங்கள். சாய்வாக எடுத்தால் எடுக்கட்டும்.

லண்டன், டொரன்டோவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விமான நிலையங்களில் பைகளைச் சோதிக்க இப்போது வந்துள்ள சிடி (CT) எக்ஸ்ரே ஸ்கேனர்கள் கழுவாத பிலிமைப் புகையடித்ததுபோல் கெடுத்துவிடும். கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். இரவு ரோலின் மேல் 1600 என்று பேனாவால் எழுதிவையுங்கள். எழுதாமல் கொடுத்தால் லேபில் 400 என்று நினைத்துக் கழுவுவார்கள், பிளேன்டீக் கடையெல்லாம் மங்கிப்போகும். கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.