இரண்டாம் பந்தியா, பக்கத்து இலையா?

அவையோருக்கு வணக்கம். நடுவர் அவர்களுக்கு வணக்கம். எட்டு நிமிடத்தில் மணி அடித்துவிடும். மிச்ச வணக்கங்களைக் கீழே இறங்கியபின் ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

தலைப்பு, "ஃபேமிகாம் பெட்டிக்குச் சிறந்த விளையாட்டுகள் தனியாக ஆடுபவையா, இருவராக ஆடுபவையா?" ஃபேமிகாம் என்றால் டிவியில் இணைத்து ஆடும் நின்டெண்டோவின் பழைய வீடியோ கேம் பெட்டி. நாங்கள் இருவர் கட்சி. எதிரணிச் சகோதரி பேசி முடிக்கும்போது ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டுப் போனார். "சூப்பர் மாரியோவில் அண்ணன் செத்தால்தான் தம்பிக்கு ஆட்டம். இரண்டாவது கன்ட்ரோலரைப் பிடித்தவன் கல்யாண வீட்டில் இரண்டாம் பந்திக்கு நிற்கிறவன். முதல் பந்தி எழுந்திருக்கும்வரை சாம்பார் வாசனைதான் அவனுக்கு" என்றார். மண்டபமே கைதட்டியது. நல்ல உவமை. அதற்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு நகர்வதாக இல்லை.

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வந்தது 1985 செப்டம்பர் 13. சகோதரி சொன்னது சரி, அதில் அண்ணன் மாரியோ ஓடும்போது தம்பி லுயிஜி காத்திருக்க வேண்டும். ஆட்டம் மொத்தமும் 40 கிலோபைட். இடத்தை மிச்சம் பிடிக்க மேலே மேகத்துக்கும் கீழே புதருக்கும் ஒரே படத்தைப் போட்டு நிறத்தை மட்டும் மாற்றினார்கள். அவ்வளவு சிக்கனமான சமையல். ஆனால் அதே மாரியோ குடும்பத்தில் 1983இலேயே, ஃபேமிகாம் பிறந்த அதே ஆண்டில், மாரியோ பிரதர்ஸ் வந்துவிட்டது. அண்ணன் தம்பி இருவரும் ஒரே திரையில், ஒரே நேரத்தில், குழாயிலிருந்து வரும் ஆமைகளைக் கீழேயிருந்து முட்டிக் கவிழ்க்கிறார்கள். ஒருவன் முட்டிக் கவிழ்த்ததை இன்னொருவன் உதைத்துத் தள்ளலாம். பிறகு 1988இல் சூப்பர் மாரியோ மூன்றாம் பாகம். அதில் அண்ணன் சாக வேண்டிய அவசியமே இல்லை. ஒரு ஸ்டேஜை முடித்தாலே முறை மாறிவிடும். வரைபடத்தில் மற்றவர் நிற்கும் கட்டத்திலேயே போய் நின்று பொத்தானை அழுத்தினால் இருவரும் நேருக்கு நேர் மோதும் குட்டி ஆட்டம் திறக்கும். இரண்டாம் பந்தி என்ற குறையை நின்டெண்டோவே பார்த்து, இலையைத் திருத்திப் போட்டுவிட்டது. சகோதரி 1985இலேயே கைகழுவி எழுந்துவிட்டார்.

இன்னும் ஒன்று. அந்தப் பெட்டியையே கொஞ்சம் பாருங்கள். 1983 ஜூலை 15, ஜப்பான், விலை 14,800 யென். அந்தப் பழைய ஃபேமிகாமில் இரண்டு கன்ட்ரோலர்களின் ஒயர்களும் பெட்டிக்குள்ளேயே இணைக்கப்பட்டவை. கழற்ற முடியாது. ஒன்றை மட்டும் தனியாக வாங்கவும் முடியாது. ஆட்டம் முடிந்தால் பெட்டியின் இரு பக்கத்திலும் உள்ள பள்ளத்தில் இரண்டையும் செருகி வைக்கலாம். பிறக்கும்போதே இரண்டு கையோடு பிறந்த பெட்டியை ஒற்றைக் கையோடு வாழச் சொல்கிறது எதிரணி.

அந்த இரண்டாம் கைக்குத் தனிச் சிறப்பும் உண்டு. அதில் ஸ்டார்ட் கிடையாது, செலக்ட் கிடையாது. அந்த இடத்தில் ஒரு மைக் இருக்கிறது. எதிரணி மூச்சுக்கு முந்நூறு முறை சொன்னதே செல்டா, 1986இன் செல்டா, தனி ஆள் ஆட்டத்தின் மகுடம் என்று? அதன் பாதாளக் குகைகளில் முயல் காது வைத்த ஓர் அரக்கன் வருவான். ஜப்பானியப் பெட்டியில் அவனைக் கொல்ல எளிய வழி, இரண்டாம் கன்ட்ரோலரை எடுத்து அதன் மைக்கில் கத்துவது! மகுடம் சூடிய தனி ஆளும் பக்கத்து இலைக்குத்தான் கை நீட்டினார். அமெரிக்காவில் விற்ற பெட்டியில் மைக்கை எடுத்துவிட்டார்கள். ஆனால் கையேட்டில் மட்டும் "இவனுக்குப் பெரிய சத்தம் பிடிக்காது" என்று அச்சாகியிருந்தது. அங்கே கத்தினால் ஒன்றும் ஆகாது. அங்கே எளிய வழி அம்புதான்.

இப்போது கான்ட்ரா, இருவர் சேர்ந்து சுட்டுக்கொண்டே முன்னேறும் ஆட்டம். நடுவர் அவர்களே, என் நேரத்தில் பாதியை இதற்காகவே எடுத்து வைத்திருக்கிறேன்.

கான்ட்ராவின் மூன்றாவது ஸ்டேஜ், அருவி. ஆடியவர்களுக்கு இப்போதே உள்ளங்கை வியர்த்திருக்கும். முதல் ஸ்டேஜில் பக்கவாட்டில் ஓடிய ஆட்டம் அங்கே மேல்நோக்கி ஏறுகிறது. பாறைக்குப் பாறை தாவ வேண்டும். ஓர் அக்கா, ஒரு தம்பி ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அக்கா நீலம், தம்பி சிவப்பு. தம்பிக்கு அவசரம். மடமடவென்று மூன்று பாறை தாவிவிட்டான். இங்கேதான் விஷயம் இருக்கிறது. திரை யாரைப் பின்தொடரும்? மேலே இருப்பவரை. தம்பி ஏற ஏறத் திரையும் ஏறும். திரையின் கீழ்விளிம்பு அக்காவின் காலடிக்கு வரும். அக்கா நின்ற பாறை இன்னும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று நம் கண் சொல்லும். ஆட்டம் சொல்லாது. திரைக்குக் கீழே போனது எதுவும் அதற்கு இல்லாத இடம். அக்கா காலி. யாரும் சுடவில்லை, குண்டு படவில்லை. தம்பியின் அவசரம் பட்டது.

"டேய், மெதுவா ஏறுடா! நான் கீழ இருக்கேன்!"

சகோதரி அவர்களே, இதில் வேடிக்கை பார்க்கிறவர் யார்?

அதே அருவியை இரண்டாவது முறை ஏறுவோம். இப்போது இருவருக்கும் பாடம் தெரியும். அக்கா முதலில் ஒரு பாறை. தம்பி அதே பாறைக்கு வந்து நிற்கிறான். இருவரும் ஒரே வரிசைக்கு வந்தபின்தான் அடுத்த தாவல். மேலேயிருந்து பாறாங்கல் உருண்டு வருகிறது. அப்போது ஒருவர் மேலே சுட, மற்றவர் பக்கவாட்டில் சுட வேண்டும். S என்று எழுதிய துப்பாக்கி ஒரே நேரத்தில் ஐந்து குண்டை விசிறிபோல விரிக்கும். அதை யார் எடுப்பது? நன்றாக ஆடுகிறவர் எடுக்கக் கூடாது, அடிக்கடி சாகாதவர் எடுக்க வேண்டும். இரண்டும் வேறு. செத்தால் துப்பாக்கி போய்விடும், வெறும் சாதாரணத் துப்பாக்கிதான் மிஞ்சும். மின்னலாக ஆடி மின்னலாகச் சாகிற தம்பி கையில் S இருந்தால் அடுத்த நிமிடம் அது யாருக்கும் இல்லை.

மூன்றாவது முறை. தம்பிக்குத் தொடக்கத்தில் கொடுத்த மூன்று உயிரும் போயிற்று. ஆட்டம் முடிந்ததா? இல்லை. A பொத்தானை அழுத்தினால் அக்காவின் கணக்கிலிருந்து ஓர் உயிர் அவனுக்கு வந்துவிடும். கேட்க வேண்டாம், கையெழுத்து வேண்டாம், வட்டி வேண்டாம். பக்கத்து இலை வடையை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிற உரிமை அது. இரண்டாம் பந்தியில் நிற்கிறவனுக்கு அந்த உரிமை வருமா? முதல் பந்தியில், ஒரே பாயில், தோளோடு தோள் உட்கார்ந்தவனுக்குத்தான் வரும். அக்கா திட்டுவாள். "என் உயிர எடுத்துட்டான்மா!" என்று சமையலறைப் பக்கம் கத்துவாள். ஆனாலும் திரையில் இருவரும் சேர்ந்து ஏறிக்கொண்டுதான் இருப்பார்கள்.

உயிர் பற்றாதவர்களுக்கு ஒரு வழி. அமெரிக்கப் பதிப்பில், தலைப்புத் திரையில், மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், B, A. இதன்பின் தனி ஆள் என்றால் ஸ்டார்ட். இருவர் என்றால் செலக்ட், பிறகு ஸ்டார்ட். ஆளுக்கு 30 உயிர். கிராடியஸ் ஆட்டத்தை 1986இல் இந்தப் பெட்டிக்குக் கொண்டுவந்தபோது, சோதித்துப் பார்க்கத் தனக்கே கடினமாக இருக்கிறதென்று கான்ட்ராவைச் செய்த கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹாஷிமோட்டோ வைத்துக்கொண்ட குறுக்குவழி அது.

மற்றவற்றை ஓடிக்கொண்டே சொல்கிறேன். பேட்டில் சிட்டி, நாம்கோ, 1985. நம் ஊரில் பலர் டாங்கி கேம் என்றே சொல்வார்கள். கழுகைக் காக்க வேண்டும். கூட்டாளியைச் சுட்டால் அவன் சிறிது நேரம் அசையாமல் நிற்பான், அந்த நேரத்தில் எதிரி உள்ளே வருவான். பதற்றத்தில் நம் கழுகை நாமே சுட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. ஆகவே ஒருவர் கழுகுக்கு அருகே, ஒருவர் மேலே, இடம் மாறக் கூடாது. டபுள் டிராகன் வாங்குகிறவர்கள் கவனியுங்கள். முதல் பாகத்தின் முக்கிய ஆட்டம் மாறி மாறித்தான். அது உண்மையிலேயே இரண்டாம் பந்தி. இரண்டாம் பாகத்தை வாங்குங்கள், அதில் இருவரும் சேர்ந்தே சண்டை போடலாம். டக் ஹன்ட்டில் துப்பாக்கி ஒருவரிடம் இருக்க, ஒற்றை வாத்து வரும் ஆட்டத்தில் முதல் கன்ட்ரோலரைப் பிடித்தவர் அந்த வாத்தையே பறக்கவிடலாம். பலருக்கு இது தெரியாது. ஆனால் பழைய குழாய் டிவி வேண்டும். அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி அதைத்தான் பார்க்கிறது. இன்றைய தட்டை டிவி அந்தக் கணத்தைத் தாமதமாகக் காட்டுவதால் குறி தப்பும்.

பபிள் பாபிள் 1986இல் டைட்டோவின், காசு போட்டு ஆடும் கடை இயந்திரமாக வந்து, பின்னர் இந்தப் பெட்டிக்கும் வந்தது. அதை வடிவமைத்த ஃபுகியோ மிட்சுஜி, ஜோடியாக வருகிறவர்கள் சேர்ந்து ஆட ஓர் ஆட்டம் வேண்டும் என்று நினைத்துச் செய்தார். அந்த இயந்திரத்தில் நூறாவது சுற்றைத் தனியாக வென்றால் உண்மையான முடிவு கிடைக்காது. நண்பரோடு வா என்று ஆட்டமே திருப்பி அனுப்பும். எதிரணி இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறது என்று கேட்க ஆவலாக இருக்கிறேன்.

நம் சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017இல் மூடிவிட்டது. இருந்தாலும் பழைய பெட்டி வாங்குகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். வாங்கும்போது இரண்டாம் கன்ட்ரோலரை முதலில் சோதியுங்கள். எல்லாரும் முதலாவதைத்தான் அழுத்திப் பார்ப்பார்கள். மைக்கின் ஒலியளவை நகர்த்திக் கூட்டி ஊதினால், டிவியில் சத்தம் கேட்க வேண்டும். ஒயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் மெல்ல அசைத்துக்கொண்டே பொத்தான்களை அழுத்துங்கள். விட்டு விட்டு வேலை செய்தால் உள்ளே கம்பி முறிந்திருக்கிறது. அம்புக்குறிப் பொத்தான் மந்தமாக இருந்தால் உள்ளே இருக்கும் ரப்பரும் கறுப்புத் தடமும் அழுக்கு. பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், கறுப்புத் தடமே உரிந்துவிடும்.

கேட்ரிட்ஜ் ஓடவில்லை என்றால் ஊதாதீர்கள். ஊதியதால் ஓடியது என்று நினைக்கிறோம். உண்மையில் கழற்றி மறுபடி செருகியதால்தான் தொடுபுள்ளிகள் ஒட்டின. எச்சில் ஈரம் உலோகத்தை அரிக்கும், நம் ஊர்க் காற்றின் ஈரம் போதாதா? இதற்கும் அதே பஞ்சு, அதே ஆல்கஹால், பிறகு சில நிமிடம் காயவிடுங்கள்.

மின்சாரம்தான் பெரிய ஆபத்து. ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்குச் செய்தது, நம் சுவரில் 230. அப்படியே செருகினால் புகைதான். ஃபேமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் நேர்மின்சாரம், 850 மில்லி ஆம்பியர், நடுமுனை எதிர்மின். அமெரிக்கப் பெட்டியின் அடாப்டர் 9 வோல்ட் மாறுமின்சாரம் தரும். முனை பொருந்துகிறதே என்று அதை ஜப்பானியப் பெட்டியில் செருகினால் உள்ளே இருக்கும் ரெகுலேட்டரை இழக்கலாம். பழைய பெட்டியின் படம் ஆன்டெனா வழியாக, ஜப்பானிய அலைவரிசையில் வருவதால் இங்குள்ள டிவியில் எளிதில் பிடிபடாது. 1993இல் வந்த புதிய ஃபேமிகாமில் ஏவி வெளியீடு உண்டு. ஆனால் அதன் கன்ட்ரோலரில் மைக் இல்லை. தேர்வு உங்களுடையது. எனக்கு மைக் வேண்டும்.

முதல் மணி அடித்துவிட்டது. நடுவர் அவர்களே, ஒரே ஒரு நிமிடம்.

செல்டா கேட்ரிட்ஜுக்குள் ஒரு நாணய அளவு பேட்டரி இருக்கிறது, சிஆர் 2032. ஆடியவரின் பெயரும் அவர் சேர்த்ததும் அதன் தயவில்தான் உயிரோடு இருக்கின்றன. பேட்டரி ஓய்ந்தால் எல்லாம் அழியும். புதியது மாற்றலாம், ஆனால் பழையதை எடுத்த கணத்தில் பெயரும் போய்விடும். கான்ட்ராவில் பேட்டரியே இல்லை. அது எதையும் எழுதி வைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் முதல் காட்டிலிருந்து, மூன்று உயிரோடு, புதிதாக.

அப்படியானால் அந்தத் தம்பியும் அக்காவும் ஆடியது எங்கே இருக்கிறது? தம்பி தேசிய சேவைக்குப் போனான். அக்கா கல்யாணமாகி ஜூரோங்கிலிருந்து பொங்கோலுக்குப் போனாள். பெட்டி ஸ்டோர் ரூமில், பழைய தீபாவளி விளக்குப் பெட்டிக்குக் கீழே. அம்மா அதைத் தூக்கிப் போடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் துடைத்து, இரண்டு கன்ட்ரோலரையும் அதனதன் பள்ளத்தில் செருகி வைக்கிறார். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. எந்தப் பக்கம் யாருடையது என்று அம்மாவுக்குத் தெரியும்.

அந்த வீடு உங்கள் புளோக்கிலும் இருக்கிறது. உங்களில் சிலருடைய வீடே அதுதான். இந்தத் தீபாவளிக்கு எல்லாரும் கூடும்போது பெட்டியை எடுங்கள். தொடுபுள்ளியைத் துடையுங்கள், அடாப்டரைப் பாருங்கள், சிவப்பு விசையைத் தள்ளுங்கள். தம்பி நாற்பதைத் தாண்டியிருப்பான், முழங்கால் வலிக்கும், தரையில் உட்காரத் தயங்குவான். அக்கா பாயை இழுத்துப் போடுவாள். மூன்றாவது ஸ்டேஜ் வரும். அவன் இன்னும் அவசரக்காரன்தான். ஒரு பாறை தாவிவிடுவான். பிறகு நின்று, பக்கத்தில் திரும்பிப் பார்ப்பான்.

"வாக்கா. நிக்கிறேன்."